ஏழும் மூன்றும்

லங்காஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியா
ஏப்ரல் 9, 2024

அன்புள்ள அண்ணன் பெனுவலுக்கு,

தங்கை மலிண்டா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. கேட்டால், "எழுபத்தோரு வயசுக்கு வேற என்ன வரும்" என்கிறார். உன் முதுகு எப்படி இருக்கிறது? லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து அது என்ன கதி ஆகியிருக்கிறதோ.

போன மாதம் ஊரெல்லாம் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டது. நம் சபையார் தள்ளுவதில்லையே, நம் சமையலறைக் கடிகாரம் வழக்கம்போல அசையவில்லை. பால் வண்டிக்காரன் அவனுடைய வேக மணிக்கு வந்து நிற்கிறான், மாடுகள் நம்முடைய மெது மணிக்குத்தான் கறக்கின்றன. தினமும் அவனோடு ஒரு வாய்ச்சண்டை.

விஷயத்துக்கு வருகிறேன். என் அறை ஜன்னலில் தட்டுத் தட்டாகச் செலரி விதைத்திருக்கிறேன். நானூறு நாற்று வரும். செலரியை இத்தனை போட்டால் அந்த வீட்டில் கல்யாணம் என்று நம் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் தோட்டத்தில் வைக்காமல் அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தக் கூத்து.

மாப்பிள்ளை ரூபன் எஷ். லாடம் அடிக்கிறவர். மனைவி தவறி நாலு வருஷம் ஆகிறது, பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மனைவியை இழந்தவர் என்பதால் மற்றவர்களைப் போல நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை, அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம். சபையில் அறிவிக்கும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது. நீதான் சபையிலேயே இல்லையே, உன்னிடம் சொல்லலாம்.

நீ வர வேண்டும் அண்ணா. அம்மாவை அடக்கம் செய்தபோது வந்து போனாய். அதற்கப்புறம் பதினோரு வருஷம். வர மாட்டாய் என்று தெரிந்தும் கேட்கிறேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மலிண்டா

நார்த் பிளாட், நெப்ராஸ்கா
மே 2

அன்புத் தங்கை மலிண்டாவுக்கு,

நான் சுகம். முதுகு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். உன் கடிதம் கம்பெனியில் என் பெயர் போட்ட பெட்டிக்குள் இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. நான் டெக்சஸ் பக்கம் இறைச்சி ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

நானூறு செலரியா? ரூபனுக்கு அவ்வளவு சொந்தக்காரர்களா, இல்லை குதிரைகளையும் பந்தியில் உட்கார வைக்கப் போகிறாயா? அவரை எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே. மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். நம் வீட்டில் பேச நீ ஒருத்தி போதும் என்பதால் பொருத்தம் நல்ல பொருத்தம்தான். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் நான் வரவில்லை. காரணத்தை ஒரே தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் கேட்காதே.

அம்மா போன செய்தி வந்தபோது நான் நெப்ராஸ்காவில் இருந்தேன். இடையில் கண் அயராமல் இருபத்தொரு மணி நேரம் ஓட்டினேன். அப்போது காகிதப் புத்தகம். எப்போது ஓட்டினோம், எப்போது படுத்தோம் என்று நாங்களே அதில் கோடு போட வேண்டும். எங்கள் ஆட்கள் அதைப் படக்கதைப் புத்தகம் என்பார்கள். பத்து மணி நேரம் படுத்ததாக அதில் நானும் ஒரு படம் வரைந்துவிட்டு வந்தேன். வந்தவனைத் துணி துவைக்கிற அறையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சாப்பிடும் சத்தம். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சபைச் சட்டம் எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டுப் போனவன். என்னோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, என் கையிலிருந்து ஒன்றும் வாங்கக் கூடாது. யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு வலித்தது, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது படக்கதை எல்லாம் கிடையாது. இன்ஜினோடு சேர்த்து ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள், சக்கரம் உருண்டால் அது எழுதிக்கொள்கிறது. வேலையைத் தொடங்கினால் பதினாலு மணி நேரம், அதற்குள் ஓட்டுவது பதினொன்று, பிறகு பத்து மணி நேரம் ஓய்வு. இந்த வாரம் அந்தப் பத்தையும் இரண்டாக வெட்டித்தான் தூங்கினேன். கிடங்குக்காரன் என்னை வாசலில் காக்க வைத்ததை ஓய்வுக் கணக்கில் சேர்த்துவிட்டேன். வெட்டித் தூங்கினாலும் தூக்கம் தூக்கம்தான்.

அன்புடன்,
பெனுவல்

லங்காஸ்டர்
மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை நின்று நாலு நாள் வெயில் அடிக்கிறது. பட்டாணி பூத்துவிட்டது. நாங்கள் சுகம். உனக்கு முதுகுக்குத் தடவ ஒரு களிம்பு தனியாக அனுப்புகிறேன். குதிரைக்கு ரூபன் தடவுவது, மனிதருக்கும் கேட்கிறதாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு உன் கடிதத்தைச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். எனக்குத்தான் சத்தம் போட்டுப் படித்தால்தானே மண்டையில் ஏறும், உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அப்பா செய்தித்தாள் பார்ப்பார். அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கண் மங்குகிறது போல. இஸ்திரி மேசை வருகிற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் படித்தேன். அப்பா அடுப்புக்குக் கட்டை போட எழுந்து போனார். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

நீ வரவில்லை என்று எழுதியதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

வேறொன்று கேட்க வேண்டும். பத்து மணி ஓய்வை இரண்டாக வெட்டினேன் என்று எழுதியிருந்தாயே, அதை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமா? ஐந்தும் ஐந்துமாக வெட்டலாமா? வெட்டலாம் என்று சொன்னது யார், நீங்களா, சட்டமா? வெட்டின பிறகும் அது முழுசு என்று எப்படி ஒத்துக்கொள்கிறார்கள்?

பாத்திரம் துலக்கும்போது தோன்றியது, கேட்டேன்.

உன் தங்கை,
மலிண்டா

டென்வர், கொலராடோ
ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

சுகம். களிம்பு வந்தது. தடவினேன், லாரி முழுக்கக் குதிரை லாயம் மாதிரி மணக்கிறது. வலி பாதி குறைந்துவிட்டது என்று ரூபனிடம் சொல்.

அடி மலிண்டா, உனக்கு என்ன ஆயிற்று? வாழ்நாளில் ஒரு லாரியில் ஏறியதில்லை. கார் சக்கரத்தில் காற்று எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. பாத்திரம் துலக்கும்போது உனக்கு மத்திய அரசு சாலைச் சட்டம் தோன்றுகிறதா? பரவாயில்லை, கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

ஐந்தும் ஐந்தும் ஆகாது. ஒரு துண்டு குறைந்தது ஏழு மணி நேரம் இருக்க வேண்டும், அதை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில்தான் கழிக்க வேண்டும். இன்னொரு துண்டு இரண்டுக்குக் குறையக் கூடாது. அதை எங்கே வேண்டுமானாலும் கழிக்கலாம், சாப்பாட்டுக் கடையிலோ மரத்தடியிலோ. இரண்டையும் கூட்டினால் பத்து வர வேண்டும். நான் எப்போதும் ஏழும் மூன்றும். இது நாங்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரே மூச்சில் பத்து மணி நேரம் நிற்க முடியாதவனும் ஓய்வெடுக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. போன செவ்வாய் இங்கே கிடங்கில் என் பக்கத்தில் நின்றவள் ரொண்டா, முப்பது வருஷமாக ஓட்டுகிறவள். நான் ஏழு மணி நேரம் படுத்து எழுந்து வந்திருந்தேன். மூன்றை எடுக்காமல் அப்படியே கிளம்பலாமா என்று பார்த்தேன். அவள் ஜன்னலைத் தட்டிச் சொன்னாள்: "பெனுவல், அந்த மூணை நீ எடுக்கலைன்னா முன்னாடி படுத்த ஏழும் போச்சு. பாதி ஓய்வுன்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது. மத்த பாதி வர்ற வரைக்கும் அது அந்தரத்துலதான் தொங்கும்."

அவள் சொன்னது சரி. நின்று மூன்று மணி நேரத்தையும் கழித்துவிட்டுத்தான் போனேன். போதுமா விளக்கம்? இனி நீ லாரி ஓட்டப் போகலாம். ரூபனைக் கூட உட்கார வைத்துக்கொள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசுவார்.

அன்புடன்,
பெனுவல்

லங்காஸ்டர்
ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் கொளுத்துகிறது. புல் இரண்டாம் அறுவடை முடிந்தது. எல்லோரும் சுகம். செலரியைத் தோட்டத்தில் நட்டாகிவிட்டது. எதிர்வீட்டு சாடி வேலியோரம் வந்து, "என்ன மலிண்டா, இந்த வருஷம் சூப் ரொம்பக் குடிப்பீங்க போல" என்றாள். ஆமாம், அப்பாவுக்கு முழங்கால் வலி, சூப் நல்லது என்றேன். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அப்பா கல்யாணப் பந்திக்கு ஒரு புது மேசை போட்டு முடித்திருக்கிறார். பத்தடி நீளம், ஓக் மரம். இழைத்து எண்ணெய் பூசி, ஒரு வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ரொண்டா நல்ல பெண்ணாக இருப்பாள் போல. இன்னும் சில கேள்விகள். மூன்று முதலில் வந்து ஏழு பிறகு வரலாமா, இல்லை ஏழுதான் முதலில் வர வேண்டுமா? இரண்டாவது துண்டை எடுக்கவே இல்லை என்றால் அந்தப் பெட்டி என்ன செய்யும்? சும்மா விட்டுவிடுமா, இல்லை யாராவது பார்ப்பார்களா? இந்தச் சட்டத்தை எழுதுகிறவர்கள் நம் சபையைப் போல வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி மாற்றுவார்களா?

அண்ணா, இன்னொரு தடவை கேட்கிறேன். வா. எங்கே உட்கார வைப்பார்கள் என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உன் தங்கை,
மலிண்டா

நார்த் பிளாட்
ஆகஸ்ட் 25

அன்புத் தங்கைக்கு,

சுகம். பதில் தாமதம். கம்பெனிப் பெட்டியில் கடிதத்தைப் பார்த்தேன், எடுத்தேன், படித்தேன், இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஆறு வாரம் அது என்னோடு ஊர் சுற்றியது.

முதலில் உன் கேள்விகள். எது முதலில் வந்தாலும் ஒன்றுதான், வரிசை கணக்கில்லை. இரண்டாவது வராவிட்டால் இன்ஜின் பெட்டி பின்னால் திரும்பிப் போய், அன்று நான் ஓட்டிய மணிகளைச் சிவப்பாக்கிவிடும். அதுவரை பச்சையாக இருந்ததெல்லாம் குற்றமாகிவிடும். சாலையில் எடை போடும் இடத்தில் அதிகாரி திறந்து பார்த்தால் அபராதம், கூடவே லாரியை அங்கேயே நிறுத்திவிடுவான். ஏமாற்ற முடியாது. சட்டத்தை மாற்றுகிறவர்கள் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்களோ, எனக்குத் தெரியாது. நம் ஊர் மூப்பர்களைவிடச் சீக்கிரம் முடிவெடுப்பார்கள் என்று மட்டும் நம்புகிறேன்.

இப்போது உன் கடைசிக் கேள்வி. மாட்டேன் என்று சொல்லவில்லையாம். அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? பதினெட்டு வருஷத்தில் அவர் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அடக்கத்தன்று முற்றத்தில் என்னைக் கடந்து போனார், என் தொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இஸ்திரி மேசைக்கு இன்னொரு தடவை வர மாட்டேன். நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது மலிண்டா. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட இனி என்னால் ஆகாது. கல்யாணத்தன்று உன்னை நினைத்துக்கொள்வேன். அது போதாது என்று தெரியும்.

அன்புடன்,
பெனுவல்

லங்காஸ்டர்
செப்டம்பர் 8

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மழை இல்லை.

இந்தக் கடிதத்தையும் சமையலறையில் முழுக்கப் படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. தொப்பி பற்றி எழுதியதையும்தான்.

உன் இஷ்டம். கை பிடித்து இழுத்து வர நான் யார். ஆனால் தேதியை எழுதாமல் விட்டேன் என்று பின்னால் நீ சொல்லக் கூடாது. அக்டோபர் 24, வியாழக்கிழமை, காலை எட்டு மணி, நம் வீட்டில்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. அப்பாவைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த பத்தடி மேசையை நேற்றுப் பட்டறையில் அறுத்துவிட்டார். ரம்பச் சத்தம் கேட்டு ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன். "நீளம் ஜாஸ்தி" என்றார். செய்யும்போதே தெரியாதா என்றேன். மரத்தூளைத் தட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புதிதாக நாலு கால் கடைய ஆரம்பித்துவிட்டார்.

மலிண்டா

ஜோப்லின், மிசூரி
செப்டம்பர் 29

அன்புத் தங்கைக்கு,

சுகம்தான். நீ கோபமாக எழுதினால் உன் கையெழுத்து அழகாகிவிடுகிறது.

எங்களுக்கு லோடு ஒதுக்குகிற டேரிலிடம் வேறெதற்கோ பேசினேன். அக்டோபர் 24 விடிகாலை கார்லைல் கிடங்குக்கு ஒரு லோடு இருக்கிறது என்றான், யாரும் எடுக்கவில்லையாம். நான் எடுத்தேன். கார்லைலிலிருந்து நம் வீடு ஒன்றேகால் மணி நேரம். இதை நான் திட்டமிட்டேன் என்று நினைக்காதே.

வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீ வாக்குக் கொடுப்பதைப் பார்ப்பேன். பந்திக்கு வர மாட்டேன். சாப்பாட்டை நானே கட்டிக்கொண்டு வருகிறேன், லாயத்தில் குதிரைகளோடு நின்று சாப்பிட்டுக்கொள்வேன். களிம்பு வாசனை இருப்பதால் அவை என்னைச் சேர்த்துக்கொள்ளும். எனக்காக நீ யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் மங்குகிறது என்றாய், இப்போது அளவும் தப்புகிறது. ஒரு மருத்துவரிடம் காட்டு.

பெனுவல்

நார்த் பிளாட்
நவம்பர் 3

அன்புள்ள மலிண்டா எஷ் அவர்களுக்கு,

புதுப் பெயரை எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் ரூபனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே முதல் பனி விழுந்தது. அன்று உன்னோடு பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். நீ மணமக்கள் மூலையில் உட்கார்ந்திருந்தாய், பந்தியில் என் பக்கம் நடந்தது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். இதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் என்று அவசியமில்லை. அதற்கும் வருகிறேன்.

ஓஹையோவில் ஏழு மணி நேரம் படுத்தேன். பிறகு வழியில் சாலை வேலை, ஒன்றரை மணி நேரம் போயிற்று. கார்லைலில் டிரெய்லரை விட்டபோது மணி நாலே முக்கால். ஓட்டுவதற்கு என் கையில் மிச்சம் அரை மணி, வழியோ ஒன்றேகால் மணி. மூன்று மணி நேரம் நின்றால்தான் அந்த ஏழும் சேரும், மேலே ஓட்டவும் முடியும். நின்றால் ஒன்பது மணிக்குத்தான் வந்து சேர்வேன், நீ சொன்ன எட்டு மணி போய்விடும். சொந்த வேலை என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்திவிட்டு ஓட்டினால் பெட்டி கண்டுகொள்ளாது. எங்கள் கம்பெனியில் அதற்கு அனுமதி இல்லை, ஆனாலும் பாதிப் பேர் அழுத்துகிறார்கள். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. அம்மாவுக்காகப் பொய்க் கோடு போட்டு வந்தது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டு, போய்ப் படுத்தேன். தூங்கவில்லை. கல்யாணத்தின் தொடக்கம் போயிற்று என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

லாரியை நம் ஊர் இரும்புக் கடைத் திடலில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தால், முற்றத்தில் இன்னும் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு வாங்க நின்றேன். சித்தப்பா மகன் ஏசா என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான்: "என்னடா, வேக மணியிலயே குடியிருக்கியா? இங்க இப்பத்தான் எட்டு." பதினெட்டு வருஷத்தில் நான் மறந்தது அதுதான். நம் வீட்டுக் கடிகாரம் எனக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தது.

வாக்குக் கொடுத்து முடிந்ததும் லாயத்தைப் பார்த்து நடந்தேன். அப்பா வழியில் நின்றார். மோவாயால் உள்ளே காட்டினார். துணி துவைக்கிற அறைக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. பெரிய அறை, அடுப்புக்குப் பக்கம், எல்லோருக்கும் நடுவில். ஒரு நீள மேசை, ஒரே வெள்ளை விரிப்பு. அந்தக் கோடியில் தான் உட்கார்ந்தார், சித்தப்பா இருவரும் அவரோடு. இந்தக் கோடியில் எனக்கு ஒரு நாற்காலி. சபை விலக்கி வைத்தவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் அவரையும் அல்லவா சபை கேள்வி கேட்கும்?

குழம்புக் கிண்ணத்தை வைத்தேன், அது ஒரு பக்கம் சாய்ந்தது. விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் ஒரு மேசை, இந்தப் பக்கம் வேறு மேசை. என் பக்கத்தைச் சாணால் அளந்தேன். சரியாக நாலு சாண். மூன்றடி. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பத்தடி மேசையை அறுத்தால் மிச்சம் எத்தனை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

சபை ஒழுங்கைக் கவனிக்கிற டீக்கன் வந்து நின்றார். விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிதியோன், இது ஒரு மேசையா, ரெண்டா?"

அப்பா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னார்: "குனிஞ்சு பாரு. ரெண்டு."

"மேலேருந்து பாத்தா ஒண்ணாத் தெரியுதே."

"மேலேருந்து பாக்குறவருக்கு ஒண்ணாத் தெரிஞ்சா அதுக்கு நான் என்ன பண்றது?"

டீக்கன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கோழி நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கிழங்குப் பாத்திரத்தை இடைவெளி வரைக்கும் தள்ளி வைத்துக் கையை எடுத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மூணு மணியும் முழுசா நின்னியா?"

"நின்னேன்பா."

"பெட்டில ஏறியிருக்கா?"

"இருக்குப்பா."

"சரி, சாப்பிடு."

சாப்பிட்டேன். உன் செலரியையும் சேர்த்து. கண்ணில் தண்ணீர் வந்தது, குழம்பில் மிளகு என்று சித்தப்பாவிடம் சொன்னேன். மிளகே போடவில்லை என்று அவர் சொன்னார்.

பாத்திரம் துலக்கும்போது உனக்குத் தோன்றிய கேள்விகளாமே! ஆறு மாதமாக யாருக்கு நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தொப்பியைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். அதனால்தான் நீ சொல்லவில்லை என்றும் தெரிகிறது.

என்றும் உன் அண்ணன்,
பெனுவல்

லங்காஸ்டர்
நவம்பர் 24

பெனுவலுக்கு,

கர்த்தர் நாமத்தில் வாழ்த்து. இங்கே காலையில் உறைபனி, பகலில் வெயில். முழங்கால் முன்போலத்தான். நீ சுகமா.

மலிண்டா 11ஆம் தேதி ரூபன் வீட்டுக்குப் போய்விட்டாள். உன் கடிதம் இப்போது அங்கே போகிறது. ஆறு மைல். அதற்காகக் குதிரையைப் பூட்ட வேண்டியிருக்கிறது. சென்ற முறை போனபோது அவள் பாதி படித்தாள், மிளகு வருகிற இடத்தில் அழுது நிறுத்திவிட்டாள். மீதியை நான் கேட்கவில்லை.

மேசையை ஒட்டவில்லை. சிறியது ஜன்னலோரம் இருக்கிறது. விளக்கை அதன்மேல் வைத்திருக்கிறேன். நீ வந்தால் விளக்கை எடுத்துவிடலாம்.

ஓய்வின் முதல் துண்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எவ்வளவு காலம் போகலாம் என்று நீ எழுதவில்லை. மலிண்டாவிடம் கேட்கச் சொல்லியிருந்தேன், கல்யாண வேலையில் மறந்துவிட்டாள். அதை எனக்கு எழுது. இந்த விலாசத்துக்கு எழுது.

எழுத்தைப் பெரிதாக எழுது. இனிமேல் நானேதான் படிக்க வேண்டும்.

உன் அப்பா,
கிதியோன் ரீல்